மஞ்சளை நானோ ஆக்கினால் மட்டும் மருந்தாகிவிடுமா?

ஜீரோத் ரிவ்யூ முடிந்து, ஃபைனல் இயர் புராஜெக்ட் தலைப்புகளை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள். ஒருதடவை போய்ப் பாருங்க. பயோடெக்கில் ஆரம்பித்து கெமிக்கல் வரைக்கும் எத்தனை தலைப்பில் 'குர்குமின்' வருது, அதில் எத்தனையில் 'நானோ' வருதுன்னு எண்ணிப் பாருங்க. எண்ண ஆரம்பித்த என் ரூம்மேட் பாதியிலேயே நிறுத்திவிட்டான். பாதிக்கு மேல் 'கைட்டோசானும்' கூடவே வருது. போன செமஸ்டர் மினி புராஜெக்ட்டில் நாங்களும் அதையேதான் செய்தோம். அதனால் இது வெளியிலிருந்து கல் எறிகிற கட்டுரை இல்லை. உள்ளே இருந்து மாட்டிக்கொண்டவன் எழுதுவது.

செய்முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். கைட்டோசானை அசிட்டிக் ஆசிட்டில் கரை, குர்குமினை எத்தனாலில் கரை, இரண்டையும் கலந்து ஸ்டிர்ரரில் வை, டிரைபாலிபாஸ்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விடு. கலங்கிச்சுன்னா நானோ ரெடி. அப்புறம் துகள் அளவு, ஸீட்டா பொட்டென்ஷியல், வெளியே காசு கொடுத்து எடுத்த ஒரு எஸ்.இ.எம். படம், டயாலிசிஸ் பையில் போட்டு எடுத்த ரிலீஸ் கிராஃப். கடைசி ஸ்லைடில் ஒரே ஒரு வரி: "வாய்வழி உட்கொள்ளும்போது குர்குமினின் உறிஞ்சுதல் மேம்படும்." யார் வாய், யார் வயிறு, யார் ரத்தம்? யாருமே அதைச் சாப்பிடவில்லையே!

இந்தக் கேள்வி எனக்கு ரிவ்யூ முடிந்த பிறகுதான் வந்தது. அதற்குக் காரணம் ஒரு டெஸ்ட் ட்யூப்.

எங்கள் ரிலீஸ் கிராஃப் ரொம்ப அழகாக வந்தது. பி.எச். 7.4 பஃபரில் பையைத் தொங்கவிட்டு, வெளியே இருக்கும் திரவத்தை மணிக்கொரு தடவை எடுத்து 425 நானோமீட்டரில் படித்தோம். மருந்து மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. 'சஸ்டெயின்ட் ரிலீஸ்' என்று தலைப்புப் போட்டு ரிவ்யூவில் கைதட்டு வாங்கினோம். அடுத்த வாரம் லேப் கிளீன் பண்ணும்போது எங்கள் டீம் பொண்ணு ஒன்று கவனித்தாள். வெறும் குர்குமினைக் கொஞ்சம் எத்தனாலோடு அதே பஃபரில் கலந்து காலையில் வைத்த ட்யூப், மதிய சாப்பாட்டுக்குப் போய் வருவதற்குள் மஞ்சள் மங்கிப் போயிருந்தது. ரீடிங் எடுத்தால் பாதாளத்துக்குப் போய்விட்டது.

குர்குமின் நடுநிலையான பஃபரில் சிதைந்துவிடும் பொருள். இது புதுக் கண்டுபிடிப்பே இல்லை. 1997-லேயே அளந்து எழுதியிருக்கிறார்கள்: பி.எச். 7.2 பாஸ்பேட் பஃபரில், 37 டிகிரியில், அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் சிதைகிறது. அப்படியென்றால் எங்கள் பையிலிருந்து வெளியே வந்த மருந்து, நாங்கள் எண்ணுவதற்கு முன்பே செத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம்தான் வெளியே வந்திருக்குன்னு நாங்கள் நினைத்ததில் ஒரு பகுதி, வந்து காணாமல் போனது. 'மெதுவாக விடுகிறது' என்று நாங்கள் காட்டிய கோட்டில் எவ்வளவு ரிலீஸ், எவ்வளவு சிதைவு என்று இன்றைக்கும் எங்களால் பிரித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் பிளாங்க் எடுக்கவே இல்லை. இதை கைடிடம் சொன்னோம். "ரிவ்யூ முடிஞ்சாச்சு, ரிப்போர்ட்ல இதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார். போடவில்லை. அந்த ரிப்போர்ட் இப்போது லைப்ரரியில் இருக்கிறது. அடுத்த பேட்ச் அதைத்தான் எடுத்துப் படிக்கும். எனக்கு உறுத்துவது அதுதான்.

சரி, பிரச்சினையின் அடிக்கு வருவோம். மாத்திரையாக விழுங்கும் எந்த மருந்தும் ரத்தத்துக்குப் போக மூன்று வாசல் தாண்டணும். முதலில் குடலில் இருக்கும் தண்ணியில் கரையணும். கரைந்தது குடல் சுவரைத் தாண்டணும். தாண்டும்போதும், அதற்குப் பிறகு கல்லீரல் வழியாகப் போகும்போதும், என்ஸைம்கள் அதை வேறு பொருளாக மாற்றாமல் தப்பிக்கணும். தாவரங்களிலிருந்து வரும் நிறைய மூலக்கூறுகள் முதல் வாசலிலேயே நின்றுவிடும். குர்குமினும் அப்படி, நிலவேம்பில் இருக்கும் ஆண்ட்ரோகிராஃபோலைடும் அப்படி.

நானோ எந்த வாசலைத் திறக்கிறது? பெரும்பாலும் முதல் வாசலை. இதற்கு மந்திரம் எதுவும் வேண்டாம், 1897-இல் நாய்ஸும் விட்னியும் எழுதிய சமன்பாடு போதும். கரையும் வேகம், மேற்பரப்புக்கு ஏற்பக் கூடும். 10 மைக்ரான் விட்டமுள்ள துகளை 100 நானோமீட்டர் துகள்களாக உடைத்தால், அதே எடைக்கு மேற்பரப்பு 100 மடங்கு. கல் உப்புக்கும் தூள் உப்புக்கும் உள்ள வித்தியாசம்தான், இன்னும் பல படி கீழே போகிறோம், அவ்வளவே.

இது நிஜமாகவே வேலை செய்த உதாரணம் இருக்கிறது. டானஸால் என்று ஒரு செயற்கை ஹார்மோன் மருந்து, தாவரத்திலிருந்து வந்தது இல்லை. 1995-இல் அதை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 10 மைக்ரான் தூளாகக் கொடுத்தபோது ரத்தத்துக்குப் போனது சுமார் 5 சதவீதம். அதையே 170 நானோமீட்டர் அளவுக்கு அரைத்துக் கொடுத்தபோது 82 சதவீதம். எப்படி அரைத்தார்கள் தெரியுமா? மில்லில் போட்டு, தண்ணியும் சின்னச் சின்ன மணிகளும் சேர்த்து. அதாவது நம்ம மெக்கானிக்கல் ஆபரேஷன்ஸ் லேப் மூலையில் தூசி படிந்து கிடக்கும் பால் மில்லின் உறவுக்காரன். (நம்ம மில்லில் போட்டால் நானோ வராது, அதற்கு ரொம்பச் சின்ன மணியும் வேகமும் வேணும். ஆனால் கொள்கை அதே.) 2000-இல் சிரோலிமஸ் மாத்திரை இந்த வழியில்தான் சந்தைக்கு வந்தது. கைட்டோசானும் இல்லை, ஸ்மார்ட் பாலிமரும் இல்லை. அரைத்த தூள், அது மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு ஸ்டெபிலைசர். சந்தையில் ஜெயித்த வாய்வழி நானோ மருந்துகளில் நிறைய இந்த மாதிரி சலிப்பான ரகம்தான். சலிப்பான விஷயத்துக்கு நம்ம ஊரில் பேப்பர் வராது என்பதால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

டானஸாலுக்கு முதல் வாசல்தான் பிரச்சினை, அதனால் அரைத்ததும் தீர்ந்தது. குர்குமினுக்கு மூன்றாவது வாசலும் பூட்டு. குடல் சுவரிலும் கல்லீரலிலும் இருக்கும் என்ஸைம்கள் அதன்மேல் குளுகுரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ ஒட்டி உடனே வெளியே தள்ளிவிடும். 2006-இல் ஆரோக்கியமான ஆட்களுக்கு ஒரே வேளையில் 8 கிராம் வரை கொடுத்தும் ரத்தத்தில் குர்குமினைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 10, 12 கிராம் சாப்பிட்டவர்களில் இரண்டு பேரிடம் மட்டும் ஏதோ கொஞ்சம் தெரிந்தது. மஞ்சளில் குர்குமின் மோட்டாமோட்டாக 3 சதவீதம். 8 கிராம் குர்குமின் என்றால் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள் தூள்!

இந்த மூன்றாவது வாசலை மிளகு தட்டித் திறக்கும். 1998-இல் பெங்களூரில் செய்த ஆய்வு ரொம்பப் பிரபலம். 2 கிராம் குர்குமினோடு, மிளகில் இருக்கும் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத்துக்குப் போன அளவு 2000 சதவீதம் கூடியது. குளுகுரோனிக் அமிலத்தை ஒட்டும் வேலையைப் பைப்பரின் தடுப்பதுதான் காரணம் என்று விளக்கம். இந்த 2000 சதவீதத்தைக் காட்டி, "மஞ்சள் பால்ல மிளகு போட்ட நம்ம பாட்டிங்க அப்பவே நானோ சயின்டிஸ்ட்" என்று வாட்ஸப்பில் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. பாட்டிக்கு மிளகு தெரியும், பால் தெரியும், சித்த வைத்தியத்தில் எந்த மருந்தைத் தேனில் கொடுக்கணும், எதை நெய்யில் கொடுக்கணும் என்ற அனுபானக் கணக்கும் உண்டு. அது பெரிய விஷயம். அதற்கு நானோ பட்டம் கட்டத் தேவையில்லை. தவிர, 2 கிராம் குர்குமினுக்கு 65 கிராம் மஞ்சள் தூள் வேணும். அந்தப் பாலை எந்தப் பாட்டியும் கொடுக்கமாட்டார், கொடுத்தாலும் நாம் குடிக்கமாட்டோம்.

அந்த 2000 சதவீதத்தையும் கொஞ்சம் உற்றுப் பார்க்கணும். வெறும் குர்குமின் கொடுத்தபோது ரத்தத்தில் இருந்தது ஏறக்குறைய பூஜ்யம். ஏறக்குறைய பூஜ்யத்தை 20-ஆல் பெருக்கினால் என்ன வரும்? மடங்குக் கணக்கில் எல்லாமே பிரம்மாண்டமாகத் தெரியும். ஜெர்மனியில் 2014-இல் ஒரு மைசெல் வடிவத்துக்கு 185 மடங்கு என்று காட்டினார்கள். ஆனால் அங்கே ரத்த மாதிரியில் என்ஸைமைச் சேர்த்து, ஒட்டியிருந்த குளுகுரோனிக் அமிலத்தையெல்லாம் பிரித்துவிட்டு, மொத்தமாக அளந்தார்கள். உடம்புக்குள் உண்மையில் தனியாகத் திரிந்த குர்குமின் எவ்வளவு என்பது வேறு கேள்வி. டப்பாவின் மேல் '185 மடங்கு' என்று மட்டும் அச்சடித்தால், வாங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

இதில் இன்னும் சங்கடமான உண்மை ஒன்று. 2017-இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் குர்குமின் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். இந்த மூலக்கூறு தானே ஒளிர்கிறது, உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்கிறது, புரதங்களோடு கண்டபடி வினைபுரிகிறது, அதனால் சோதனைக் குழாயில் எதைக் கேட்டாலும் 'ஆமாம்' சொல்லும் என்று எழுதினார்கள். 120-க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகள் நடந்தும், பிளசிபோவோடு ஒப்பிட்டு இருபக்கமும் மறைத்துச் செய்ததில் ஒன்றுகூட உறுதியாக வெற்றி பெறவில்லை என்பது அவர்கள் தீர்ப்பு. உறிஞ்சப்படாததால்தான் வேலை செய்யவில்லை, நானோ ஆக்கினால் செய்யும் என்று நாம் பதில் சொல்கிறோம். இருக்கலாம். ஆனால் அது ஒரு ஊகம். ஒவ்வொரு ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலும் அதை நிரூபித்த உண்மை போல எழுதுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம், பசங்க மார்க் வாங்கிட்டுப் போகட்டுமேன்னு கேட்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன், தீபாவளி லீவில் கோபியிலிருந்து பெரியம்மா போன் பண்ணும் வரைக்கும்.

"கண்ணு, நீ மஞ்சள்ல என்னமோ நானோ பண்றேன்னு சொன்னயல்ல? உங்க பெரியப்பாவுக்கு மூட்டு வலி தாங்கல. நானோ மஞ்சள் மாத்திரைன்னு ஒண்ணு விக்கறாங்க, மிளகுச் சத்தும் சேர்த்திருக்காம். வாங்கட்டுமா?"

பெருமையாகத்தான் இருந்தது. 'வாங்குங்க பெரிம்மா' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. எதற்கும் கேட்போமே என்று, "பெரியப்பா இப்ப வேற என்ன மாத்திரை சாப்பிடறாருங்க?" என்றேன்.

"அதான் அந்த ஃபிட்ஸ் மாத்திரைதான். இருபது வருஷமாச் சாப்பிடறாரே."

பட்டையைப் படிக்கச் சொன்னேன். ஃபெனிட்டாயின்.

பைப்பரினுக்குக் குர்குமின் மேல் தனிப் பாசம் எதுவும் கிடையாது. அது தடுக்கும் என்ஸைம்கள் வேறு பல மருந்துகளையும் கையாளுகிறவை. பைப்பரினோடு கொடுத்தபோது ஃபெனிட்டாயின், புரோப்ரனலால், தியோஃபிலின் ஆகியவற்றின் ரத்த அளவு கூடுவதை மனிதர்களிலேயே அளந்திருக்கிறார்கள். அதிலும் ஃபெனிட்டாயின் கொஞ்சம் விவகாரமான மருந்து. பலன் தரும் அளவுக்கும் தலைசுற்றி விழவைக்கும் அளவுக்கும் இடைவெளி குறைவு. ஒரு கட்டத்துக்கு மேல் என்ஸைம் நிரம்பிவிட்டால், டோஸ் கொஞ்சம் கூடினாலும் ரத்த அளவு எகிறிவிடும். பயோகெமிஸ்ட்ரியில் மைக்கேலிஸ்-மென்டன் வரைந்தோமே, அந்த வளைவுதான் பெரியப்பா உடம்பில் இருக்கிறது. சாம்பாரில் போடும் மிளகுக்கு நான் பயப்படவில்லை. தினமும் குறிப்பிட்ட அளவு, செறிவாக்கிய சத்தாக எடுப்பது வேறு. டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெரியம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். "மஞ்சளும் மிளகும்தானே கண்ணு" என்றார்.

அதுதான் விஷயமே. மஞ்சள் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை, அது உடம்புக்குள் அதிகம் போகாது என்பதையும் சேர்த்துத்தான் பல தலைமுறை அனுபவத்தில் வந்தது. போகவிடாத பூட்டை நாம் உடைத்தால், பழைய நம்பிக்கையை அப்படியே கூட எடுத்துப் போக முடியாது. அது புது மருந்து. 2019-இல் இத்தாலியில் மஞ்சள் சப்ளிமென்ட் எடுத்த பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்து அரசு எச்சரிக்கை விட்டது. அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் குழு, மஞ்சள் தொடர்பான 10 பேரின் கேஸை 2022-இல் வெளியிட்டது. அதில் 7 பேருக்கு ஒரே குறிப்பிட்ட மரபணு வகை இருந்தது. கோடிக்கணக்கானவர்கள் சாப்பிடும் பொருளில் இது சின்ன எண்ணிக்கைதான், பதற வேண்டியதில்லை. ஆனால் 'இயற்கை, பக்கவிளைவு இல்லை' என்ற வரியை ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிட இது போதும்.

அப்போ நானோவே வேண்டாமா என்றால், அப்படிச் சொல்லவில்லை. வேலை செய்யும் என்று ஏற்கெனவே நிரூபணமான, ஆனால் கரையாததால் நோயாளியைப் படுத்துகிற தாவர மருந்துக்கு இது வரம். பாக்லிடாக்ஸலை எடுத்துக்கொள்ளுங்க. பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்த புற்றுநோய் மருந்து. தண்ணியில் கரையவே கரையாது. ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்யும் கிரெமொஃபோர் என்ற கரைப்பானிலும் ஆல்கஹாலிலும் கரைத்து நரம்பில் ஏற்றினார்கள். அந்தக் கரைப்பானே பலருக்கு அலர்ஜியைக் கொடுக்கும். அதைத் தடுக்க முன்கூட்டியே ஸ்டெராய்டு போடணும், மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்றணும். 2005-இல் ஆல்புமின் புரதத்தோடு சேர்த்து 130 நானோமீட்டர் துகளாக்கியதை அமெரிக்காவில் அனுமதித்தார்கள். கரைப்பான் போயிற்று, ஏற்றும் நேரம் அரை மணியாகக் குறைந்தது. இது நோயாளிக்கு உணர முடிகிற வித்தியாசம்.

ஆனால் அதுவும் ஊசிதான். அதையே வாய்வழி மருந்தாக்குவது எவ்வளவு கஷ்டம் என்று பாருங்க. கரைய வைத்தாலும், குடல் சுவரில் இருக்கும் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற பம்ப் உள்ளே வந்ததைத் திருப்பி வெளியே தள்ளுகிறது. தென்கொரியாவில் கொழுப்புக் கலவையில் கரைத்துக் குடிக்கும் வடிவத்தை 2016-இல் இரைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதித்தார்கள். அந்தப் பம்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் முயற்சியை 2021-இல் எஃப்.டி.ஏ. திருப்பி அனுப்பியது. வெள்ளணு குறைவதால் வரும் ஆபத்து ஒரு காரணம், இன்னொரு சோதனை நடத்தச் சொன்னார்கள். ட்ரிப் ஏற்ற மாதாமாதம் ஊர் விட்டு ஊர் பஸ் ஏறுகிறவருக்கு வீட்டிலேயே குடிக்கும் மருந்து எவ்வளவு பெரிய விடுதலை! அதனால்தான் இந்த வேலையைச் சும்மா ஒரு எஸ்.இ.எம். படத்தோடு முடிப்பது எனக்குக் கோபம் தருகிறது.

நம்ம லேப்பில் பாக்லிடாக்ஸல் வாங்க முடியாது, எலி வீட்டுக்கு அனுமதி கிடையாது, தெரியும். குர்குமினையே எடுங்க, மலிவு, கண்ணுக்குத் தெரியும், ஈரோடு பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் கேட்கும் கேள்வியை மாற்றலாம். எங்களுக்கு மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் முதலில் செய்வது, நானோ துகளோடு கூட வெறும் தூள், எண்ணெயில் கலக்கிய தூள் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டுவது. நம்ம நானோ, நல்லெண்ணெயில் கலக்கியதைவிட மேல் இல்லை என்றால், அது தெரியவேண்டிய விஷயம்தானே? மலேரியாவுக்குக் கொடுக்கும் ஆர்ட்டிமீத்தர்-லூமிஃபான்ட்ரின் மாத்திரையைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் லூமிஃபான்ட்ரின் உறிஞ்சுதல் 16 மடங்கு வரை கூடுகிறது. பால் டம்ளர் செய்கிற வேலை அது. அந்த டம்ளரைத் தோற்கடிக்காத ஃபார்முலாவுக்கு எதற்குச் செலவு?

அடுத்தது பி.எச். வயிற்றில் 7.4 எங்கே இருக்கு? 1.2-இல் இரண்டு மணி நேரம், அப்புறம் 6.8, கூடவே பித்த உப்பு. கைட்டோசான் அமிலத்தில் கரையும் பாலிமர், அதைக் கரைக்கத்தானே அசிட்டிக் ஆசிட் ஊற்றினோம்! நாம் ஆசையாகச் செய்த துகள், வயிற்று அமிலத்தில் விழுந்ததும் ஊதிப் பிரிந்துபோக நல்ல வாய்ப்பு. பி.எச். 6.5-க்கு மேலே போனால் திரளும். எஸ்.இ.எம்.மில் தெரிந்த அழகான உருண்டை குடலை எட்டுமா என்பதைத்தான் முதலில் பார்க்கணும், அதற்கு ஒரு பீக்கரும் பி.எச். மீட்டரும் துகள் அளவு பார்க்க இரண்டு ரீடிங்கும் போதும்.

மூன்றாவது, மருந்தே இல்லாத காலிப் பையையும், பை இல்லாத வெறும் மருந்தையும் தனித்தனியாக ஓட்டணும். முதலாவது பாலிமரால் வரும் ரீடிங்கைச் சொல்லும், இரண்டாவது சிதைவைச் சொல்லும். இதற்கு ஆகும் செலவு நாலு ட்யூப். ரிசல்ட் மோசமாக வந்தால் அதையும் ரிப்போர்ட்டில் போடுங்க. "எங்கள் துகள் அமிலத்தில் 20 நிமிஷம்கூடத் தாங்கவில்லை" என்று ஒரு டீம் எழுதினால், அடுத்த வருஷம் மூன்று டீம் அந்தக் குழியில் விழாது. ரிவ்யூ பேனலில் இருக்கும் சார், மேடம் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: அந்த வரிக்கு மார்க் குறைக்காதீங்க. குறைப்பீங்கன்னு பயந்துதான் நாங்கள் எழுதாமல் விட்டோம்.

கடைசி ஸ்லைடில் 'உறிஞ்சுதல் மேம்படும்' என்பதற்குப் பதில் 'இந்த நிலைகளில் கரையும் வேகம் இவ்வளவு கூடியது' என்று போட்டால் தலைப்பு கொஞ்சம் சப்பென்று இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். வைவாவில் வாதாட மட்டும் சுலபம்.

நாங்கள் அப்புறமாக உட்கார்ந்து எடுத்த சிதைவு ரீடிங் எல்லாம் ஒரு எக்செல் ஷீட்டில் இருக்கிறது. பி.எச். 1.2, 6.8, 7.4 மூன்றிலும், 37 டிகிரியில், எத்தனால் சேர்த்தும் சேர்க்காமலும். இந்த வருஷம் குர்குமின் எடுத்திருக்கும் டீம்கள் யாராக இருந்தாலும் மூன்றாம் மாடி இன்ஸ்ட்ருமென்டேஷன் லேப்பில் வந்து கேளுங்க. காபி வாங்கித் தரணும்னு அவசியமில்லை, தந்தால் வேண்டாம்னு சொல்லமாட்டோம்.